மலைக்கு எந்த சிலிண்டர்?

தென்னிந்தியாவின் சாலைகளில் சமையல் எரிவாயுவைச் சுமந்து ஓடும் புல்லட் டேங்கர்களில் பெரும்பங்கு நாமக்கல் லாரிகள். தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கத்தின் தலைமையிடமும் நாமக்கல்தான். 2025 மார்ச் 27 அன்று அந்தச் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, தென்மாநிலங்கள் எல்லாம் கையிருப்பைக் கணக்குப் பார்க்கத் தொடங்கின. ஒரு டேங்கரில் 17, 18 டன் எரிவாயு போகும். ஆயிரத்து இருநூறு வீட்டு சிலிண்டர்களை நிரப்பப் போதுமான சரக்கு அது.

அதே மாவட்டத்தின் கொல்லிமலையில் கணக்கு டன்னில் இல்லை, கிலோவில் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சிலிண்டர் வண்டி மேலே வர வேண்டும். வந்தபிறகும் வேலை முடிவதில்லை. மலையின் 14 நாடுகளில் ஒன்றான ஆலத்தூர் நாட்டைப் போன்ற பகுதிகளில் வீடுகள் ஒரே தெருவாக அடுக்கி நிற்பவை அல்ல. மிளகுக் கொடியும் பலா மரமும் மரவள்ளிக் காடும் இடையிட, சரிவுகளில் சிதறிக் கிடப்பவை. வண்டி நிற்கும் இடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள தூரத்தை யாரோ ஒருவர் தலையிலோ தோளிலோ சுமந்துதான் கடக்க வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்தான்.

ஆகவே மலையில் சிலிண்டர் தேர்ந்தெடுப்பவர் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். யார் சுமப்பது, ஒரு நேரத்தில் எவ்வளவு வேகமாக எரிப்பது, ஒரு தடவைக்கு எவ்வளவு பணம் எடுத்து வைக்க முடியும். எவ்வளவு பெரியது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். சமவெளியில் யாரும் இப்படி யோசிப்பதில்லை. 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் தானாக வாசலுக்கு வருகிறது, அதையே எல்லோரும் வாங்குகிறார்கள். மலையிலும் அதே பழக்கம் அப்படியே ஏறி வந்துவிட்டது. அதை ஒருமுறை நிறுத்தி யோசிக்க வேண்டிய நேரம் இது.

முதலில் அந்தச் சிவப்பு சிலிண்டரையே எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் எரிவாயு 14.2 கிலோ. இரும்பின் எடை 15, 16 கிலோ. சிலிண்டரின் கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டைகளில் ஒன்றில் காலி எடை அச்சடித்திருக்கும். 15.7 என்று இருந்தால், நிறைந்த சிலிண்டர் தராசில் 29.9 காட்ட வேண்டும். 150 கிராம் வரை கூடலாம், குறையலாம். அதைத் தாண்டினால் திருப்பி அனுப்பலாம். ஆக ஏறக்குறைய 30 கிலோ. சிமென்ட் மூட்டையைவிடக் குறைவுதான் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் மூட்டை தோளில் படிந்து உட்காரும், சிலிண்டர் உட்காராது. மழைக்காலத்தில் வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் உருண்டை இரும்பைச் சுமந்து இறங்குவது வேறு வேலை.

இதன் பலம் விலையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 8 முதல் சென்னையில் இதன் விலை 868 ரூபாய் 50 காசு என்று ஆனது. அப்போது கிலோவுக்கு 61 ரூபாய். மத்திய அரசின் உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு 300 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததும், கிலோ 40 ரூபாய்க்கு இறங்கியது. ஊருக்கு ஊர் விலை சற்று மாறும், மலைக்கு வண்டி வாடகை தனியாகச் சேரும். அப்படியும் மானியம் இல்லாத எந்த வகையும் இந்த விலைக்கு அருகில் வராது. இணைப்புக்கான டெபாசிட் 2022 ஜூனில் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாக உயர்ந்தது. உஜ்வாலாவில் சேருபவர்கள் அதைக் கட்ட வேண்டியதில்லை.

எவ்வளவு நாள் வரும்? வீட்டு அடுப்பில் ஒரு பெரிய பர்னர் முழுதாக எரிந்தால் மணிக்குச் சுமார் 150 கிராம் செலவாகும். நாளுக்கு இரண்டு மணி நேரம் எரிக்கும் குடும்பத்துக்கு 300 கிராம். அப்படியானால் 14.2 கிலோ ஒன்றரை மாதம் தாங்கும். ராகிக் களி கிண்டுவதும் குளிக்க வெந்நீர் காய்ச்சுவதும் விறகடுப்பிலேயே நடக்கும் வீடுகளில் இரண்டு மூன்று மாதம்கூட வரும். மலையில் இன்னொரு செலவும் சேர்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பானையில் அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். குக்கர் இருந்தால் அந்த இழப்பு இல்லை. மலை வீட்டில் கேஸை மிச்சப்படுத்த, எந்த அடுப்பை வாங்குவது என்பதைவிட நல்ல குக்கர் வாங்குவதே முதல் வேலை.

இனி சின்ன சிலிண்டர். 5 கிலோ எரிவாயு கொண்ட இரும்பு சிலிண்டர் நிறைந்த நிலையில் 12, 13 கிலோ இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் அண்ணன் ஒரு கையில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கிவிடுவான். மேலே சொன்ன குடும்பத்துக்கு இது 16 நாள் வரும். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. வீட்டு உபயோகத்துக்கான 5 கிலோ சிலிண்டருக்கும் மானியம் எடை விகிதப்படி கிடைக்கும். உஜ்வாலாவில் சேரும்போது 14.2 கிலோ ஒன்று, 5 கிலோ ஒன்று, அல்லது 5 கிலோ இரண்டு என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஏற்கெனவே பெரியது வாங்கியவர்கள் சின்னதற்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் தொடங்கிய அந்தத் திட்டம், கூலி வேலை செய்யும் குடும்பங்கள் ஒரே தடவையில் பெரிய தொகை புரட்ட முடியாமல் காலி சிலிண்டரை மூலையில் வைத்துவிடுவதைப் பார்த்தபிறகுதான் சின்ன சிலிண்டருக்கு அழுத்தம் கொடுத்தது. மானியம் போக ஒரு தடவைக்கு 200 ரூபாயை ஒட்டிய தொகை என்றால், சந்தையில் ஒரு மூட்டை மரவள்ளி விற்ற நாளிலேயே நிரப்பிக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. அடிக்கடி நிரப்ப வேண்டும். மேலே ஏஜென்சி வண்டி வரும் நாளில் 5 கிலோ இல்லை என்று சொல்லிவிட்டால் இரண்டு வாரத்தில் அடுப்பு அணைந்துவிடும். இதற்குத்தான் இரண்டு சிலிண்டர். ஒன்று காலியானதும் மற்றதை மாட்டிவிட்டுக் காலியை வண்டிக்கு அனுப்புவது. அமெரிக்காவில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வீடுகளிலும் இதே ஏற்பாடுதான். முகப்பில் 20 பவுண்டு அல்லது 30 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர்கள் இரண்டு ஜோடியாக நிற்கும். ஒன்று தீர்ந்தால் ரெகுலேட்டர் தானாக அடுத்ததற்கு மாறும். 30 பவுண்டு என்பது 13.6 கிலோ, ஏறக்குறைய நம் வீட்டு சிலிண்டரேதான். அதைத் தூக்கி மாற்ற முடியாத வயதானவர்கள் 20 பவுண்டு இரண்டை வாங்குகிறார்கள். ஊர் மாறினாலும் முதுகு வலி மாறாது.

ஆகவே வண்டி நிற்கும் இடத்திலிருந்து இறங்கி நடக்க வேண்டிய வீட்டுக்கு 5 கிலோ இரண்டுதான் சரி. தார்ச் சாலையை ஒட்டிய வீட்டுக்கு 14.2 கிலோவே போதும். வசதி இருந்தால் அதிலும் இரண்டு. மலையில் மழையோ மண்சரிவோ பாதையை மறித்துவிட்டால் இரண்டாவது சிலிண்டர்தான் வீட்டைக் காப்பாற்றும்.

இதே 5 கிலோவில் இன்னொரு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘சோட்டு’ என்று இண்டேனும், ‘அப்பு’ என்று எச்.பி.யும், ‘மினி’ என்று பாரத் கேஸும் விற்கும் சிலிண்டர் அது. இணைப்புப் புத்தகம் வேண்டாம், முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை ஒன்று போதும். பெட்ரோல் பங்கிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும். 2022-இல் தமிழ்நாட்டின் கூட்டுறவுக் கடைகளிலும் விற்பனை தொடங்கியது. அங்கே 2 கிலோ ‘முன்னா’வும் வந்தது. மிளகு பறிக்கவும் காபிக் கொட்டை பறிக்கவும் வெளியூரிலிருந்து வந்து சில மாதம் தங்குபவர்களுக்கும், மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்கும் இது பெரிய வசதி. ஆனால் மானியம் கிடையாது. விலையும் வணிக சிலிண்டர் விலையை ஒட்டியே போகும். மலையிலேயே குடியிருக்கும் குடும்பம் இதை நிரந்தரமாக எரித்தால் அநியாயச் செலவு.

அடுத்து, பார்த்தவுடன் ஆசை வரும் சிலிண்டர். இண்டேன் 2021-இல் கொண்டுவந்த காம்போசிட் வகை. உள்ளே பிளாஸ்டிக் உறை, அதன்மேல் கண்ணாடி இழைச் சுற்று, அதற்கும் வெளியே பிளாஸ்டிக் கூடு. 10 கிலோ எரிவாயு கொண்டது நிறைந்தால் 16 கிலோவுக்குள் அடங்கும். துருப்பிடிக்காது, தரையில் கறை விடாது. வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே திரவம் எவ்வளவு நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். இரும்பு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு எந்த மட்டம் வரை மெதுவாகக் காய்கிறது என்று பார்த்துத்தான் அளவு கண்டுபிடிக்கிறார்கள். அந்தச் சிரமம் இதில் இல்லை. மலைப்பாதைக்கே செய்ததுபோல் தோன்றும்.

மூன்று விஷயம் தடுக்கிறது. முதலாவது செலவு: 10 கிலோ காம்போசிட் மானியம் இல்லாத பிரிவில் மட்டுமே கிடைக்கும். அறிமுகமானபோதே டெபாசிட் 3,350 ரூபாய். இரண்டாவது, சில குறிப்பிட்ட ஊர்களிலேயே விநியோகம் தொடங்கியதால், வாங்கும் முன் நிரப்பும் வசதி அடிவாரத்து ஏஜென்சியில் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். நிரப்ப முடியாத சிலிண்டர் எவ்வளவு இலேசாக இருந்தாலும் பயனில்லை. மூன்றாவது காரணம் குளிர். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் எல்லா சிலிண்டருக்கும் அது பொருந்தும்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். கொதிக்க வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை சிலிண்டரின் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் கிடைப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விடும், பியூட்டேன் பின்தங்கும். சிலிண்டர் தீரும் தறுவாயில் உள்ளே மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன்தான். 15 டிகிரி குளிரில் புரொப்பேனின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஆறு மடங்குக்கு மேல் கூடுதலாக இருக்கும், பியூட்டேனின் அழுத்தம் ஒரு மடங்கைக்கூட எட்டாது. மார்கழி விடியலில் கொல்லிமலையில் அடுப்பு மினுக்கு மினுக்கென்று எரிவதற்கும், அதே சிலிண்டர் மத்தியானம் நன்றாக எரிவதற்கும் காரணம் இதுதான். சிலிண்டரில் கேஸ் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று ஏஜென்சியிடம் சண்டை போடும் முன் வெயில் ஏறும்வரை காத்திருந்து பார்க்கலாம். பிரான்சில் பியூட்டேனையும் புரொப்பேனையும் தனித்தனி சிலிண்டராக விற்கிறார்கள். வீட்டுக்குள் வைப்பது பியூட்டேன், குளிரில் வெளியே வைப்பது புரொப்பேன். நமக்கு அந்தத் தேர்வு இல்லை. இருக்கும் கலவையோடு அளவைத்தான் மாற்றிக்கொள்ள முடியும்.

எரியும் வேகத்துக்குத் தகுந்த அளவு சிலிண்டர் வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது. சின்ன சிலிண்டரில் சுவர்ப் பரப்பு குறைவு, உள்ளே வரும் வெப்பமும் குறைவு. வீட்டு பர்னருக்கு அது போதும். டீக்கடையின் பெரிய பர்னர் மணிக்கு அரைக் கிலோ குடிக்கும்போது 5 கிலோ சிலிண்டர் திணறும். முதலில் வெளியே வியர்வைபோல் ஈரம் பூக்கும், பிறகு அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பனி படியும், தீ சுருங்கும். கண்ணாடி இழையும் பிளாஸ்டிக்கும் இரும்பைப்போல் வெப்பத்தை உள்ளே விடாது. அதனால் காம்போசிட் சிலிண்டர் பெரிய பர்னருக்குக் குளிரில் இன்னும் சீக்கிரம் களைத்துவிடும். தார்ச் சாலை வீட்டில் இரண்டு பர்னர் அடுப்புக்கு, மானியம் தேவையில்லாதவர்களுக்கு, நிரப்பும் வசதி உறுதியான பிறகு, அது நல்ல சிலிண்டர். கடைக்கு வேண்டாம்.

கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் ஆகாய கங்கைக்குப் போகும் வழியிலும் உள்ள டீக்கடைகளும், சுற்றுலா வருபவர்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போடும் வீடுகளும் இதில் சேரும். நிறைந்த எடை 37, 38 கிலோ. நாளுக்குப் பத்து மணி நேரம் பெரிய பர்னர் எரிந்தால் நாலு நாள்கூட முழுதாக வராது. விலை அதிகம் என்பதால் வீட்டு சிலிண்டரைக் கடைக்குள் கொண்டுவரும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. சட்டம் அதைத் தடை செய்கிறது. பிடிபட்டால் சிலிண்டர் பறிமுதலாகும். அதைவிடப் பெரிய கஷ்டம், வீட்டு மானியத்துக்கு வரும் சரக்கு கடைக்குப் போவதால் அதே ஊரின் வீடுகளுக்கு வரிசை நீள்வது.

குளிர் காலத்தில் கடைக்காரர்கள் செய்யும் இரண்டு காரியங்கள் மிகவும் ஆபத்தானவை. தீ சுருங்கியதும் சிலிண்டரைக் கொதிநீர் ஊற்றிய அண்டாவில் நிறுத்துவது ஒன்று. கடைசிச் சொட்டுவரை எடுக்கச் சிலிண்டரைப் படுக்கப்போடுவது மற்றொன்று. படுக்கவைத்த சிலிண்டரில் வால்வுக்கு வருவது ஆவி அல்ல, திரவம். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் ஆவியாக விரியும். ரெகுலேட்டரைத் தாண்டி அது பர்னருக்குப் போனால் தீ அடுப்பு மட்டத்தில் நிற்காது. சரியான வழி எளிது. இரண்டு 19 கிலோ சிலிண்டர்களை ஏஜென்சி மெக்கானிக்கைக் கொண்டு ஒரே குழாயில் இணைத்து இரண்டையும் சேர்த்துத் திறப்பது. சுமையை இரண்டும் பகிர்வதால் ஒவ்வொன்றும் பாதி வேகத்தில்தான் குளிரும், கடைசிவரை தீ நிற்கும். உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ எரிவாயு வரை சிலிண்டரில் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. 19 கிலோவில் ஐந்து வைத்தால் 95, அதோடு நிறுத்த வேண்டும்.

பயண வேனுக்கு வருவோம். ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கும், ஆண்டு முழுக்க அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் அருவிக்கும் வரும் வேன்களில் பாதிக்கு மேல் சாமான் மூட்டையோடு ஒரு வீட்டு சிலிண்டரும் வருகிறது. சீட்டுக்கு அடியில் படுக்கவைத்து, மேலே அரிசி மூட்டை. எழுபது வளைவிலும் அது உருண்டு உருண்டு வால்வை எதிலாவது இடிக்கிறது. எரிவாயு காற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, வண்டியின் தரையில் தேங்கும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அது வெளியேறாது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். வெளிநாட்டுப் பயண வீடுகளில் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடியில் ஓட்டை விட்டிருப்பது இதனால்தான்.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாக் குழுவின் தனிப்பெட்டி அங்கே தடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. பெட்டிக்குள் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்த சிலிண்டரில் டீ போட்டபோது தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ரயிலில் எந்த அளவு சிலிண்டரும் கூடாது, காலியும் கூடாது. இதில் எந்த அளவு பாதுகாப்பானது என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை.

வேனில் சமைத்துச் சாப்பிட்டுத்தான் வர வேண்டும் என்பவர்களுக்கு 5 கிலோ சோட்டு வகை ஒன்று போதும். பத்துப் பேருக்கு இரண்டு நாள் டீயும் உப்புமாவும் சோறும் அதில் முடியும். மூடியை மாட்டி, ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். வண்டிக்கு வெளியே, காற்று மறைவில், சருகு இல்லாத தரையில் சமைக்க வேண்டும். கைக்கு அடக்கமான பியூட்டேன் டப்பா அடுப்பு ஒருவருக்கும் இருவருக்கும் சரி. ஆனால் விடியற்காலைக் குளிரில் அதன் தீ படுத்துவிடும், கிலோ கணக்கில் விலையும் மிக அதிகம், காலி டப்பா காட்டில் கிடக்கும்.

பாத்திரக் கடைகளில் பெயரும் முத்திரையும் இல்லாமல் விற்கும் குட்டி சிலிண்டரை மட்டும் யாரும் தொடவே கூடாது. வீட்டு சிலிண்டரிலிருந்து குழாய் போட்டு நிரப்பித் தருகிறார்கள். அதன் இரும்பு எவ்வளவு தடிமன், யார் சோதித்தது, எவ்வளவு நிரப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எரிவாயு திரவம் சூட்டில் விரியும் என்பதால் முறையான சிலிண்டரில் எப்போதும் மேலே காலி இடம் விடுவார்கள். முழுதாக நிரப்பிய குட்டி சிலிண்டர் வெயிலில் நிற்கும் வேனுக்குள் இருந்தால் அந்த விரிவுக்கு இடம் இல்லை.

எதை வாங்கினாலும் வண்டியிலிருந்து இறக்கியதும் பார்க்க வேண்டியவை உண்டு. பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் பெயிண்டில் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் மறுசோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர். தேதி தாண்டியது வந்தால் வாங்க வேண்டாம். சீலை உடைத்து மூடியைக் கழற்றியதும் டெலிவரி செய்பவர் வால்வின் வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டுவார், காட்டாவிட்டால் கேட்கலாம். குமிழி வந்தால் கசிவு. வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர் கிழிந்தோ காணாமலோ போயிருப்பதே பல கசிவுகளுக்குக் காரணம். அவரிடமுள்ள கொக்கியால் பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்த ஒரு நிமிடம்கூட ஆகாது. மலைக்கு மேலே இதை அலட்சியமாக விடக் கூடாது. இரவில் கசிந்தால் மெக்கானிக் எழுபது வளைவு ஏறி வர நேரமாகும்.

வீட்டுக்குள் சிலிண்டர் அடுப்பைவிடத் தாழ்வாக, நிமிர்ந்து நிற்க வேண்டும். பழைய மண்வீடுகளில் அடுப்படி மற்ற அறையைவிட ஓரடி பள்ளமாக இருப்பதுண்டு. அங்கே வைத்தால் கசியும் எரிவாயு குளம்போல் நிற்கும். பக்கத்தில் விறகடுப்பும் எரிந்தால் சொல்லவே வேண்டாம். கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிறக் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஏஜென்சியில் பெயர் பதிந்த இணைப்புக்கும் முத்திரை பெற்ற குழாய், ரெகுலேட்டருக்கும்தான் எண்ணெய் நிறுவனங்களின் விபத்துக் காப்பீடு பொருந்தும். இறந்தவர் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். இது தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம்.

ஆலத்தூர் நாட்டிலோ பக்கத்து நாடுகளிலோ புதிதாக விண்ணப்பம் எழுதுபவர்கள் ஏஜென்சிக்காரர் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடும் முன், 5 கிலோ இரண்டு வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். சரக்கு இல்லை என்றால் எந்த வாரம் வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஏஜென்சிகளும் மலைக்கு ஏற்றும் வண்டியில் சின்ன சிலிண்டருக்கு ஒரு வரிசையாவது ஒதுக்க வேண்டும். கசிவு வாசனை வந்தால் விளக்கு ஸ்விட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் அது இயங்கும்.